மின்சாரத்தை அளந்த வாத்தியார்!



உங்கள் வீட்டில் டார்ச் விளக்கு இருக்கிறதா? அதைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே இரண்டு பேட்டரிகள், ஒரு சின்ன பல்பு, ஒரு ஸ்விட்ச். ஸ்விட்சைத் தள்ளியதும் பல்பு எரிகிறது. இவ்வளவு சுலபமான விஷயத்தில் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்தக் கம்பி வழியாக எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது? அதை யார் தீர்மானிக்கிறார்கள்? பேட்டரியா, கம்பியா, பல்பா?

இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்தவர் பெரிய அரண்மனையில் வாழ்ந்தவர் அல்ல. பூட்டும் சாவியும் செய்யும் ஒரு தொழிலாளியின் மகன். பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்தவர். முதல் முயற்சியில் தவறான விடையை அச்சிட்டு, அதைத் தானே திருத்திக்கொண்டவர். சரியான விடையைச் சொன்னபோதோ, கேட்க ஆளில்லாமல் வேலையையும் விட்டவர். அவர் பெயர் ஜார்ஜ் சைமன் ஓம். உங்கள் அறிவியல் புத்தகத்தில் ஓம் விதி என்று படிக்கிறீர்களே, அந்த ஓம்தான்!

வாருங்கள், அவருடைய கதையைக் கேட்போம்.

பூட்டுப் பட்டறையில் ஒரு பள்ளிக்கூடம்

இன்றைய ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் எர்லாங்கன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1789-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16-ஆம் தேதி ஓம் பிறந்தார். அப்பா யோஹான் வொல்ஃப்காங் ஓம், பூட்டுச் செய்யும் தொழிலாளி. அம்மா மரியா எலிசபெத், ஒரு தையல்காரரின் மகள். அந்த வீட்டில் ஏழு குழந்தைகள் பிறந்தார்கள். ஆனால் பிழைத்து வளர்ந்தவர்கள் மூன்று பேர்தான். ஜார்ஜ், அவருடைய தம்பி மார்ட்டின், ஒரு சகோதரி. ஜார்ஜுக்குப் பத்து வயதானபோது அம்மாவும் இறந்துவிட்டார்.

அப்பா பள்ளிக்கூடத்தில் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. ஆனால் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்து, கணிதமும் அறிவியலும் தத்துவமும் தாமாகவே கற்றுக்கொண்டவர். பகலெல்லாம் அரத்தோடும் சுத்தியலோடும் வேலை. மீதி நேரத்தில் இரண்டு மகன்களையும் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுப்பார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். வீட்டில் அப்பாவோ புரிந்துகொள்ளச் சொன்னார்.

அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் லாங்ஸ்டார்ஃப் என்ற கணிதப் பேராசிரியர் இருந்தார். இந்த இரண்டு பையன்களையும் அவர் சோதித்துப் பார்த்தார். அசந்துபோனார்! பல கணித மேதைகளைத் தந்த பெர்னூலி குடும்பத்தைப் போல இந்தப் பூட்டுக்காரர் குடும்பமும் பேர் வாங்கும் என்று பாராட்டினார். தம்பி மார்ட்டினும் பிற்காலத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். பேராசிரியரின் கணிப்பு வீண் போகவில்லை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அந்தப் பட்டறையில் ஜார்ஜ் கணக்கை மட்டும் கற்கவில்லை. உலோகத்தை அறுக்கவும், ராவவும், துல்லியமாகப் பொருத்தவும் கற்றுக்கொண்டார். அந்தக் கைவேலை பின்னால் எப்படி உதவியது என்பதைப் பார்க்கத்தான் போகிறோம்.

நடனமும் பனிச்சறுக்கும்

ஜார்ஜ் நல்ல பிள்ளையாகவே இருந்தாரா என்று கேட்கிறீர்களா? அதுதான் இல்லை! 1805-இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்ததும் விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் என்று பொழுது போனது. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தமக்குக் கிடைக்காத கல்லூரிப் படிப்பு மகனுக்குக் கிடைத்தும் இப்படி வீணாக்குகிறானே என்ற வருத்தம். மூன்று பருவங்களோடு படிப்பை நிறுத்தி, மகனைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். 1806-இல், பதினேழு வயதில், ஜார்ஜ் அங்கே ஒரு பள்ளியில் கணித வாத்தியார் ஆனார்.

பாடம் சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கு எது தெரியும், எது தெரியாது என்பது புரியும். ஜார்ஜுக்கும் புரிந்தது. மீண்டும் படிக்கும் ஆசை வந்தது. லாங்ஸ்டார்ஃப் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். ஆய்லர், லாப்லாஸ் போன்ற பெரிய கணித மேதைகளின் நூல்களை நீயாகவே படி என்று அவர் வழிகாட்டினார். அப்பா எப்படிப் படித்தாரோ அப்படியே மகனும் தனியாக உட்கார்ந்து படித்தார். 1811-இல் ஊர் திரும்பி, அதே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினார்!

பட்டம் வாங்கியும் வயிறு நிறையவில்லை. பல்கலைக்கழகத்தில் சொற்ப வருமானம்தான். 1813-இல் பாம்பெர்க் என்ற ஊரில் ஒரு சாதாரணப் பள்ளியில் வேலை கிடைத்தது. 1816-இல் அந்தப் பள்ளியையும் மூடிவிட்டார்கள். ஓம் சோர்ந்துவிடவில்லை. மாணவர்களுக்கு வடிவியலைப் புதிய முறையில் கற்பிப்பது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். அதன் பிரதியைப் பிரஷ்ய நாட்டு மன்னருக்கே அனுப்பி வைத்தார். அதற்குப் பலன் கிடைத்தது. 1817-இல் கொலோன் நகரத்தில் ஒரு நல்ல உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் வேலை கிடைத்தது.

அந்தப் பள்ளியில் ஒரு பொக்கிஷம் இருந்தது. நல்ல கருவிகள் நிறைந்த இயற்பியல் ஆய்வகம்! பாடவேளை முடிந்ததும் ஓம் நேராக அங்கே போய்விடுவார்.

அளக்க முடியாத மின்சாரம்

அந்தக் காலத்தில் மின்சாரத்தைப் பற்றி என்ன தெரிந்திருந்தது என்று பார்ப்போம்.

ஓமுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, அதாவது 1800-இல், இத்தாலியைச் சேர்ந்த வோல்டா முதல் மின்கல அடுக்கைச் செய்து அறிவித்தார். 1820-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டெட் ஓர் அதிசயத்தைக் கண்டார். மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசியை வைத்தால் ஊசி திரும்புகிறது! மின்சாரம் அதிகமானால் ஊசி அதிகமாகத் திரும்புகிறது. ஆகா, மின்சாரத்தை அளக்க ஒரு வழி கிடைத்துவிட்டதே!

ஆனால் இன்று நாம் சுலபமாகச் சொல்லும் ஆம்பியர், வோல்ட் என்ற அலகுகள் அன்று கிடையாது. கடையில் போய் அம்மீட்டர் வாங்க முடியாது. பேட்டரியின் தள்ளும் வலிமை வேறு, கம்பியில் ஓடும் மின்சாரத்தின் அளவு வேறு என்று தெளிவாகப் பிரித்துச் சொல்லவும் ஆளில்லை. எல்லாம் ஒரே குழப்பம்.

ஓம் தமக்குள் ஒரு நேரான கேள்வியைக் கேட்டுக்கொண்டார். ஒரே மின்கலத்தோடு நீளமான கம்பியை இணைத்தால் மின்சாரம் குறைகிறது. சரி, எவ்வளவு குறைகிறது? கணக்காகச் சொல்ல முடியுமா?

சறுக்கிய முதல் முயற்சி

வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை ஒவ்வொன்றாக வோல்டா வகை மின்கலத்தோடு இணைத்தார். காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று குறித்தார். ஒரு சூத்திரத்தையும் உருவாக்கி, 1825-இல் அறிவியல் இதழில் வெளியிட்டார்.

அந்தச் சூத்திரம் தவறு!

ஏன் தவறானது? அவருடைய கணக்கில் குற்றமில்லை. மின்கலம்தான் ஏமாற்றிவிட்டது. அந்தக் காலத்து மின்கலம், இணைத்த உடனே வேகமாக மின்சாரம் தரும். கொஞ்ச நேரத்தில் களைத்துப்போய்க் குறைத்துத் தரும். மறுபடியும் சற்று ஓய்வு கொடுத்தால் தெம்பு வந்துவிடும். கம்பி நீளமானதால் மின்சாரம் குறைந்ததா, மின்கலம் களைத்ததால் குறைந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஒரு பென்சிலை அளக்கிறீர்கள். அளக்க அளக்க உங்கள் ஸ்கேலே சுருங்கிக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? ஓமுக்கு நடந்தது அதுதான்.

பெயர் வாங்க நினைத்து எழுதிய கட்டுரை தவறாகிவிட்டது. வேறு யாராவது என்றால் மறைத்திருப்பார்கள், அல்லது நான் சொன்னதுதான் சரி என்று சாதித்திருப்பார்கள். ஓம் இரண்டையும் செய்யவில்லை. ஆய்வகத்துக்குத் திரும்பிப் போனார்.

அப்போது அறிவியல் இதழ் ஆசிரியரான பொக்கென்டார்ஃப் ஒரு நல்ல யோசனை சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன்பு, 1821-இல், சீபெக் என்ற விஞ்ஞானி ஒரு புதுமையைக் கண்டிருந்தார். இரண்டு வெவ்வேறு உலோகங்களை இரண்டு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறு முனையைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் உண்டாகும். இதற்கு வெப்ப மின்னிரட்டை என்று பெயர். களைத்துப் போகும் மின்கலத்தை விட்டுவிட்டு இதைப் பயன்படுத்துங்கள் என்றார் அவர்.

கொதிக்கும் தண்ணீரும் பனிக்கட்டியும்

1826-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். ஓமின் மேசையைக் கற்பனை செய்து பாருங்கள்.

பிஸ்மத் என்ற உலோகத்தால் ஆன ஒரு பட்டை. அதன் இரண்டு முனைகளிலும் தாமிரப் பட்டைகள். ஒரு முனையைக் கொதிக்கும் தண்ணீரிலும் இன்னொரு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். ஏன் தெரியுமா? தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை அதன் வெப்பநிலை மாறாது. பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கும் வரை அதன் வெப்பநிலையும் மாறாது. இரண்டும் மாறாததால், மின்சாரத்தைத் தள்ளும் வலிமையும் மாறாது. சுருங்காத ஸ்கேல் கிடைத்துவிட்டது!

அடுத்து, மின்சாரத்தை அளக்கும் கருவி. ஒரு காந்த ஊசியை மெல்லிய தங்கக் கம்பியில் தொங்கவிட்டார். மின்சாரம் ஓடும்போது ஊசி விலகும். மேலே உள்ள திருகைத் திருப்பி, ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டுவருவார். எவ்வளவு திருப்ப வேண்டியிருந்ததோ, அதுவே மின்சாரத்தின் அளவு. இதற்கு முறுக்குத் தராசு என்று பெயர். இதைச் செய்யத்தான் அப்பாவின் பட்டறையில் பழகிய கைவேலை உதவியது!

ஒரே தடிமனுள்ள எட்டுத் தாமிரக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். ஒவ்வொன்றாக இணைத்து அளந்தார்.

2 அங்குலக் கம்பிக்குக் கிடைத்த அளவு 326¾. 18 அங்குலத்துக்கு 190¾. 130 அங்குலத்துக்கு 48½.

இங்கேதான் சுவாரசியம்! 130 அங்குலம் என்பது 2 அங்குலத்தைப் போல 65 மடங்கு. அப்படியானால் மின்சாரமும் 65-இல் ஒரு பங்காக, அதாவது சுமார் 5 ஆகக் குறைந்திருக்க வேண்டாமா? ஆனால் 48½ வருகிறதே! எங்கே தவறு?

தவறே இல்லை. ஓம் அதைக் கண்டுபிடித்தார். மின்சாரம் அந்தத் தாமிரக் கம்பியில் மட்டுமா ஓடுகிறது? பிஸ்மத் பட்டை, தாமிரப் பட்டைகள், இணைப்புகள் எல்லாவற்றின் வழியாகவும் சுற்றித்தானே வருகிறது! அவையும் மின்சாரத்தைத் தடுக்கும் அல்லவா? அந்தத் தடை முழுவதும் சேர்ந்து 20¼ அங்குலத் தாமிரக் கம்பிக்குச் சமம் என்று கணக்கிட்டார்.

இப்போது ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள். ஒவ்வொரு கம்பியின் நீளத்தோடும் 20¼ கூட்டுங்கள். வந்த விடையை மின்சாரத்தின் அளவால் பெருக்குங்கள்.

2 அங்குலம்: 22¼ × 326¾ = சுமார் 7,270
18 அங்குலம்: 38¼ × 190¾ = சுமார் 7,296
130 அங்குலம்: 150¼ × 48½ = சுமார் 7,287

பார்த்தீர்களா? மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றே! கொதிக்கும் தண்ணீரையும் பனிக்கட்டியையும் வைத்துக்கொண்டு, கையால் செய்த கருவியில் அளந்த அளவு இது. மொத்தத் தடை எத்தனை மடங்கு கூடுகிறதோ, மின்னோட்டம் அத்தனை மடங்கு குறைகிறது. இரண்டையும் பெருக்கினால் வருவது தள்ளும் வலிமை. அது மாறுவதே இல்லை.

இதைத்தான் இன்று நாம் இப்படிப் படிக்கிறோம்:

மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை

பாராட்டு இல்லை, பதவியும் இல்லை

ஓமுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இதை முழுமையாக எழுதிப் புத்தகமாக்க வேண்டும். ஆனால் பள்ளி வேலைக்கு நடுவே நேரம் எங்கே? ஓராண்டு விடுமுறை கேட்டார். கிடைத்தது, ஆனால் பாதிச் சம்பளத்தில்! பெர்லினில் இருந்த தம்பி மார்ட்டின் வீட்டுக்குப் போனார். இரவு பகலாக எழுதினார். 1827-இல் மின்சுற்றைப் பற்றிய அவருடைய கணித ஆய்வு நூல் வெளிவந்தது.

இனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி தேடி வரும் என்று நம்பினார். வரவில்லை. புத்தகத்தைச் சிலர் கண்டுகொள்ளவில்லை. சிலர் கடுமையாகத் தாக்கினார்கள். இயற்பியலில் இவ்வளவு கணிதம் எதற்கு என்று அந்நாளில் பலர் நினைத்தார்கள். ஓமின் எழுத்தும் எளிதாக இருக்கவில்லை. சோதனைகளைப் பின்னுக்குத் தள்ளிக் கணிதத்தை முன்னால் வைத்திருந்தார்.

மனம் நொந்த ஓம் 1828-இல் கொலோன் பள்ளி வேலையை விட்டுவிட்டார். பெர்லினில் இராணுவப் பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளினார். உலகத்துக்கே உதவப்போகும் விதியைக் கண்டவருக்கு நிரந்தர வேலை இல்லை! நிலையான வேலை கிடைக்க 1833 ஆகிவிட்டது. நியூரம்பெர்க் நகரத் தொழில்நுட்பப் பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. பிறகு அதன் தலைவராகவும் ஆனார்.

உண்மை கொஞ்சம் கொஞ்சமாகத் தலை தூக்கியது. லீப்சிக் நகரத்தின் ஃபெக்னர் தாமே பல சோதனைகள் செய்து பார்த்து, ஓம் சொன்னது சரி என்று 1831-இல் எழுதினார். தந்திக் கம்பிகளைப் பற்றிய ஆராய்ச்சி வளர வளர, ஓமின் கணக்கு இல்லாமல் வேலை நடக்காது என்று தெரிந்தது. கடைசியில் வெளிநாட்டிலிருந்து நல்ல செய்தி வந்தது. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி தன்னுடைய மிக உயர்ந்த பரிசான காப்ளி பதக்கத்தை ஓமுக்கு வழங்கியது. அடுத்த ஆண்டு அவரை வெளிநாட்டு உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டது.

1849-இல் மியூனிக் நகரம் அவரை அழைத்தது. 1852-இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். இளமையிலிருந்து கண்ட கனவு அறுபத்து மூன்றாவது வயதில் நிறைவேறியது! ஆனால் இரண்டே ஆண்டுகள்தான். 1854 ஜூலை 6-ஆம் தேதி ஓம் காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

1881-இல் பாரிஸ் நகரில் உலக மின்னியல் அறிஞர்கள் கூடினார்கள். மின்னோட்டத்துக்கு ஆம்பியர், மின்னழுத்தத்துக்கு வோல்ட், மின்தடைக்கு ஓம் என்று அலகுகளை முடிவு செய்தார்கள். வேலை தேடி அலைந்த வாத்தியாரின் பெயரை இன்று உலகமே சொல்கிறது. ஓமின் குறியீடு, குதிரை லாடம் போன்ற ஒமேகா என்ற கிரேக்க எழுத்து. ஓம் என்பதன் முதல் ஆங்கில எழுத்தைப் போட்டால் பூச்சியம் என்று நினைத்துவிடுவோமே!

நாமும் அளப்போமா?

ஓம் மாதக்கணக்கில் பாடுபட்டு அளந்ததை நீங்கள் பள்ளி ஆய்வகத்தில் பத்து நிமிடத்தில் அளக்கலாம். ஆசிரியரின் அனுமதியோடு செய்யுங்கள்.

தேவையானவை: 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டு, 10 ஓம் மின்தடை ஒன்று, 20 ஓம் மின்தடை ஒன்று, அம்மீட்டர், வோல்ட்மீட்டர், சாவி, இணைப்புக் கம்பிகள்.

இரண்டு மின்தடைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக, ரயில் பெட்டிகளைப் போல இணையுங்கள். இதுதான் தொடர் இணைப்பு. மின்சாரத்துக்கு ஒரே பாதைதான். பழைய சீரியல் பல்புச் சரத்தில் ஒரு பல்பு போனால் மொத்தச் சரமும் அணைந்துவிடுமே, அதுவும் தொடர் இணைப்புதான்.

முதலில் மின்னோட்டம். அது பாதையில் ஓடுவது. ஆகவே பாதையை ஓரிடத்தில் பிரித்து, நடுவில் அம்மீட்டரைத் தொடராக இணைக்க வேண்டும். சாலையில் போகும் வண்டிகளை எண்ண வேண்டும் என்றால் சாலையிலேயே சோதனைச் சாவடி வைக்க வேண்டும் அல்லவா? அதுபோலத்தான். அம்மீட்டரை முதலில் மின்கலத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். பிறகு இரண்டு மின்தடைகளுக்கும் நடுவில் வையுங்கள். அளவு மாறுகிறதா? மாறாது! தொடர் இணைப்பில் எல்லா இடத்திலும் மின்னோட்டம் ஒன்றே. முதல் மின்தடை மின்சாரத்தைச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை அடுத்ததற்குக் கொடுக்கும் என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது தவறு.

எவ்வளவு வரும்? மொத்தத் தடை 10 + 20 = 30 ஓம். மின்னழுத்தம் 3 வோல்ட். 3-ஐ 30-ஆல் வகுத்தால் 0.1 ஆம்பியர்.

அடுத்து மின்னழுத்தம். அது இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. ஆகவே பாதையைப் பிரிக்க வேண்டாம். மின்தடையின் இரு முனைகளிலும் வோல்ட்மீட்டரைப் பக்கவாட்டில் இணைத்தால் போதும். 10 ஓமில் 1 வோல்ட் காட்டும். 20 ஓமில் 2 வோல்ட் காட்டும். இரண்டையும் கூட்டினால் 3 வோல்ட். மின்கலங்கள் கொடுத்ததும் அதுதான்! பெரிய தடைக்குப் பெரிய பங்கு, சின்னத் தடைக்குச் சின்னப் பங்கு. கூட்டுத்தொகை மட்டும் மாறாது.

உங்கள் மீட்டரில் சரியாக 0.1 வராமல் கொஞ்சம் குறையலாம். பயப்படாதீர்கள். மின்கலத்துக்கு உள்ளேயும் கம்பிகளிலும் கொஞ்சம் தடை இருக்கிறது. ஓமின் 20¼ அங்குலம் நினைவிருக்கிறதா? அதே கதைதான்!

ஒரு வாத்தியாரின் தவறு

இப்போது என் கதை ஒன்று. ஆசிரியர் பயிற்சி முடித்து நான் வேலையில் சேர்ந்த புதிது. வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அம்மீட்டரை மின்கல அடுக்கின் இரு முனைகளிலும் நேரடியாக இணைத்துவிட்டேன். ஊசி சட்டென்று கடைசிக்குப் போய் மோதி வளைந்துவிட்டது! அந்தப் பள்ளியில் இருந்தது அந்த ஒரே அம்மீட்டர்தான்.

எனக்கு வியர்த்துவிட்டது. கருவி பழையது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். முன் பெஞ்சிலிருந்த ஒரு பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தவறு என்னுடையதுதான் என்று வகுப்பில் ஒப்புக்கொண்டேன். ஏன் அப்படி ஆயிற்று என்பதையே அன்றைய பாடமாக்கினேன்.

அம்மீட்டருக்கு மின்தடை மிகமிகக் குறைவு. பாதையில் ஓடும் மின்சாரத்தை அது தடுக்கக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். மின்கலத்தோடு நேரடியாக இணைத்தால் தடுக்க ஆளில்லை. மின்சாரம் வெள்ளமாகப் பாயும். வோல்ட்மீட்டருக்கோ மின்தடை மிக அதிகம். அதைத் தவறாகத் தொடர் இணைப்பில் வைத்தால் மின்சாரம் ஏறக்குறைய நின்றே போகும், பல்பு எரியாது. ஓம் விதி தெரிந்தவருக்கு இரண்டும் உடனே புரியும்.

அந்த வகுப்புப் பிள்ளைகள் அதற்குப் பிறகு ஒருநாளும் அம்மீட்டரைத் தவறாக இணைக்கவில்லை. நானும்தான்!

எச்சரிக்கை: இந்தச் சோதனைகளை மின்கலத்தில் மட்டும் செய்யுங்கள். வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் கம்பியைச் செருகவே கூடாது. அங்கே இருப்பது சுமார் 230 வோல்ட். உயிருக்கு ஆபத்து!

தெரிந்துகொள்ளுங்கள்

இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் என்ற விஞ்ஞானி, ஓம் பிறப்பதற்கு முன்பே, 1781 வாக்கில் ஏறக்குறைய இதே விதியைக் கண்டிருந்தார். அளக்கக் கருவி இல்லாததால், தம் உடம்பிலேயே மின்சாரத்தைப் பாய்ச்சி, அதிர்ச்சி எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்தார்! (நீங்கள் ஒருபோதும் இப்படிச் செய்யாதீர்கள்.) ஆனால் கூச்ச சுபாவமுள்ள அவர் அதை வெளியிடவே இல்லை. சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, 1879-இல், மாக்ஸ்வெல் என்ற விஞ்ஞானிதான் அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்தார். அதற்குள் விதிக்கு ஓமின் பெயர் நிலைத்துவிட்டது.

கண்டுபிடித்ததைப் பூட்டி வைத்தவர் ஒருவர். தவறோ சரியோ, ஊரறியச் சொல்லி, தவறைத் திருத்தி, மறுபடியும் சொன்னவர் இன்னொருவர். யாருடைய வேலை பிறருக்குப் பயன்பட்டது என்று நீங்களே சொல்லுங்கள்.

குழந்தைகளே! பரீட்சையில் ஒரு கணக்குத் தவறாகிவிட்டால் தாளைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். எந்த வரியில் தவறு வந்தது என்று தேடுங்கள். ஓம் தேடினார். மின்கலத்தில் கண்டுபிடித்தார். கொதிக்கும் தண்ணீரும் பனிக்கட்டியும் எடுத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

இன்று இரவு டார்ச் விளக்கை எடுத்து ஸ்விட்சைத் தள்ளும்போது, கொலோன் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வாத்தியாரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். சரியா?